லெயோனாட் ஒயிலர் (1707 – 1783): எழுத்துக்கு எண்ணிட்டுப் பார்த்த கணிதமேதை

அட்சரகணிதக் கோவை ஒன்றில் மாறி இருக்கும் இடத்தில் தரப்பட்ட எண்ணை இட்டு, அக்கோவையின் பெறுமானத்தைக் காண்பது பிரதியிடல் எனப்படும். வினாத்தாளில் இதனைக் கண்டதும் மாணவர்கள் பலர் இலகுவான வினா என்று மகிழ்வர். எனினும் விடைத்தாள்களைத் திருத்துவோர், மாணவர்கள் வீணாகப் புள்ளிகளை இழக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதை அறிவர். அடைப்புக்குறி இடாமை, மறைக்குறியை மறந்துவிடுதல், வர்க்கிப்பதற்குப் பதிலாக இரண்டால் பெருக்குதல் என்பன வழமையான தவறுகளாகும்.

உலகின் மிகப் பெரிய கணித அறிஞர்களுள் ஒருவரான ஒயிலர் இந்த எளிய வேலையைத் தமது வாழ்நாள் முழுவதும் செய்தார். பிரதியிட்டுப் பார்த்துப் புதியனவற்றைக் கண்டார். புகழ்பெற்ற ஒருவரின் கூற்றைப் பிரதியிட்டே தவறென்றும் காட்டினார். அவரது வாழ்க்கையை இங்கு நோக்குவோம்.

வாசிக்குமுன் ஒன்றைக் கவனிக்க. இக்கட்டுரையில் மாறிகளை க, ந முதலிய தமிழ் எழுத்துகளால் குறிக்கின்றோம். உங்கள் பாடநூலில் வேறு எழுத்துகள் இருக்கும். எழுத்து எதுவாயினும் கோவையின் பெறுமானம் மாறுவதில்லை.

இளமைப் பருவம்

ஒயிலர் 1707 ஏப்பிரல் 15 ஆந் திகதி சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பிறந்தார். தந்தை போல் ஒயிலர் கிறித்தவ போதகர் ஆவார். அவர் தமது இளமையில் யாக்கோப் பேர்னூலி என்னும் கணித அறிஞரின் விரிவுரைகளைக் கேட்டிருந்தார். ஆகையால் மகனுக்கு முதலிற் கணிதம் கற்பித்தவர் தந்தையே. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த நூல் சிறுவர் நூலன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தோப் ருடோல்ப் என்பவர் எழுதிய கடினமான அட்சரகணித நூலாகும். நாம் இன்று எழுதும் முறையில் எழுத்துகள் அந்நூலில் இல்லை. தெரியாக் கணியத்துக்கு ஒரு குறியீடு, அதன் வர்க்கத்துக்கு வேறொரு குறியீடு, கனத்துக்கு இன்னொன்று என்றிருந்தன. சிறுவன் ஒயிலர் அதிலுள்ள கணக்குகளைப் பொறுமையாகச் செய்தான்.

நகரப் பாடசாலையிற் கணிதம் கற்பிக்கப்படவில்லை. 1720 இல், 13 வயதில், பாசல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மகனும் தம்மைப் போலப் போதகராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அங்கு யாக்கோப்பின் தம்பியான யோகான் பேர்னூலி பேராசிரியராக இருந்தார். தனியாகக் கற்பிக்க அவருக்கு நேரம் இல்லை. கடினமான நூல்களின் பெயர்களைக் கூறி, வாசித்து விளங்காதவற்றைச் சனிக்கிழமை பிற்பகலில் வந்து கேட்குமாறு அனுமதித்தார். ஒயிலர் வாரம் முழுவதும் முயன்று, மிகக் குறைந்த ஐயங்களுடனேயே அவரிடம் சென்றார். மாணவனின் திறமையைக் கண்ட பேர்னூலி தந்தையிடம் எடுத்துக்கூற, அவரும் மகன் கணிதத் துறையிற் செல்ல இணங்கினார்.

1727 இல் பரிஸ் விஞ்ஞானக் கழகம் கப்பலிற் பாய்மரங்களை எவ்வாறு நிறுத்துவது சிறந்தது என்று கேட்டுப் பரிசுப் போட்டி நடத்தியது. கடலில்லாத நாட்டில் வளர்ந்த ஒயிலரின் கட்டுரை அதிற் பாராட்டுப் பெற்றது. அதே ஆண்டு பாசலிற் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது அது கிடைக்கவில்லை. வயது 19 தான். ஏப்பிரலில் ஊரை விட்டுப் புறப்பட்டு, மே மாதத்தில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரை அடைந்தார். பாசலுக்கு அவர் மீண்டும் திரும்பவேயில்லை.

பேர்மாவின் கூற்று

பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகத்தில் யோகான் பேர்னூலியின் மகன் டானியல் ஏற்கெனவே பணியாற்றினார். 1733 இல் டானியல் ஊர் திரும்ப, கணிதப் பேராசிரியர் பதவி ஒயிலருக்குக் கிடைத்தது. 1734 இல் கத்தரீனா கிசெல் என்பவரை மணந்தார். பதின்மூன்று பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் ஐவரே குழந்தைப் பருவத்தைத் தாண்டினர்.

இக்காலத்தில் அவருக்கு நண்பரானவர் கிறிஸ்தியான் கோல்ட்பாக். 1729 டிசெம்பரில் எழுதிய கடிதத்தில் கோல்ட்பாக் ஒரு வினாவை எழுப்பினார். பிரான்சைச் சேர்ந்த பியர் டி பேர்மா சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கூற்றை எழுதியிருந்தார். அது உண்மையா என்பதே வினா.

கூற்று இதுதான். 2 இன் வலு ஒன்றை எடுத்து அதனுடன் 1 ஐக் கூட்டுக. அவ்வலுவின் சுட்டி, தானும் 2 இன் ந ஆம் வலுவாக இருத்தல் வேண்டும். ந இற்கு 0, 1, 2, 3, 4 எனப் பிரதியிட்டால் சுட்டிகள் முறையே 1, 2, 4, 8, 16 ஆகும். (ந = 0 ஆகும்போது சுட்டி 0 என எழுதிவிட வேண்டாம். 2⁰ = 1 என்பதை நினைவிற் கொள்க.) இனிப் பெறுமானங்களைக் காண்போம்.

2¹ + 1 = 3
2² + 1 = 5
2⁴ + 1 = 17
2⁸ + 1 = 257
2¹⁶ + 1 = 65 537

ஐந்தும் முதன்மை எண்கள். ந இற்கு எந்த முழுவெண்ணைப் பிரதியிட்டாலும் முதன்மை எண்ணே வரும் என்று பேர்மா நம்பினார். நிறுவல் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. ஆயினும் பேர்மா சாதாரண மனிதரல்லர். எண்களைப் பற்றி அவர் எழுதியவற்றுட் பெரும்பாலானவை பின்னர் உண்மையென நிறுவப்பட்டன. ஆகவே இதனையும் ஐயப்பட ஒருவரும் துணியவில்லை.

அடுத்த பெறுமானத்தைப் பிரதியிட்டுப் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ந = 5 ஆயின் 2³² + 1 = 4 294 967 297. பத்து இலக்கங்கள் கொண்ட இவ்வெண் முதன்மை எண்ணா என அறிய வேண்டுமாயின், அதன் வர்க்கமூலம் வரையுள்ள, அதாவது சுமார் 65 536 வரையுள்ள, முதன்மை எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 6 500 இற்கும் அதிகம். கணிகருவி இல்லாத காலத்தில் இதனை யார் செய்வார்?

ஒயிலர் 1732 இல் விடையை அறிவித்தார். அவ்வெண் 641 ஆல் மீதியின்றி வகுபடும்.

641 × 6 700 417 = 4 294 967 297

ஒரேயொரு பிரதியீட்டினால் பேர்மாவின் கூற்று வீழ்ந்தது. முதல் ஐந்து பெறுமானங்களும் சரியாக இருந்தமை அதனைக் காப்பாற்றவில்லை. 641 என்ற எண்ணைத் தேடிப் பிடிக்கும் வழியை ஒயிலர் பின்னர் 1740களில் எழுதிய கட்டுரையில் விளக்கினார். 2³² + 1 இற்கு முதன்மைக் காரணி இருக்குமாயின் அது 64க + 1 என்னும் வடிவத்திலேயே இருக்க வேண்டும் என அவர் நிறுவினார். இப்போது வேலை மிகவும் சுருங்கிவிடுகின்றது. க இற்கு 1 முதல் 10 வரை பிரதியிடுக. 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என்பன கிடைக்கும். இவற்றுள் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வகுத்தல்களுக்குப் பதிலாக ஐந்து வகுத்தல்கள்! பிரதியிடல் பயனுள்ளதுதான். ஆனால் எந்தக் கோவையிற் பிரதியிடுவது என்று அறிவதே திறமை என்பது நமது கருத்து.

பேர்மா கூறிய வடிவத்தில் 65 537 இற்கு மேற்பட்ட முதன்மை எண் எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

பிரதியிடலுக்கு ஒரு குறியீடு

1734 இல் எழுதிய கட்டுரையொன்றில் ஒயிலர் ஒரு சிறு வசதியைச் செய்துகொண்டார். நீண்ட கோவையை ஒவ்வொரு தடவையும் எழுதாமல், சார்பு என்னும் சொல்லைக் குறிக்கும் ஓர் எழுத்தை எழுதி, அதனருகே அடைப்புக்குறிக்குள் மாறியை இட்டார். உதாரணமாக, ச(க) = 3க² − 2க + 7 எனக் கொள்க. க = 2 ஆகும்போது பெறுமானம் என்ன என்று நீட்டிக் கேட்பதற்குப் பதிலாக ச(2) யாது என்று கேட்டாற் போதும். ச(2) = 3 × 4 − 2 × 2 + 7 = 15. இங்கு 3 × 2² என்பதை 6² என்று எழுதும் மாணவர் உளர். வர்க்கம் க இற்கு மட்டுமே உரியது, 3 இற்கு உரியதன்று. உயர்தர வகுப்புக்குச் செல்வோர் இக்குறியீட்டை நாள்தோறும் எழுதுவர்.

இளைஞராய் இருந்தபோதே அவரது உடல்நலம் கெட்டது. 1735 இற் கடுங்காய்ச்சல் வந்தது. 1738 இல் வலக் கண்ணின் பார்வை பெரும்பாலும் போயிற்று.

பேர்ளினில் 25 ஆண்டுகள்

1741 இல் பிரசிய மன்னர் இரண்டாம் பிரெட்ரிக்கின் அழைப்பின் பேரில் பேர்ளின் சென்றார். மன்னருக்குக் கவிதையிலும் நகைச்சுவைப் பேச்சிலும் இருந்த நாட்டம் கணிதத்தில் இருக்கவில்லை. அமைதியும் பக்தியும் கொண்ட ஒயிலர் அவருக்குப் பிடித்தமானவராகவும் இல்லை. எனினும் இங்குதான் நீங்கள் கனிட்ட வகுப்புகளிற் கற்கும் ஒயிலரின் தொடர்பு பிறந்தது. 1750 நவம்பரில் கோல்ட்பாக்கிற்கு எழுதிய கடிதத்தில் அதனைக் குறிப்பிட்டார். தளமுகங்களால் அடைக்கப்பட்ட, உட்குழிவு இல்லாத திண்மம் ஒன்றின் உச்சிகளின் எண்ணிக்கை உ எனவும் முகங்களின் எண்ணிக்கை மு எனவும் விளிம்புகளின் எண்ணிக்கை வி எனவும் கொண்டால்

உ + மு = வி + 2

ஆகும். சதுரமுகியில் 8 + 6 = 12 + 2. நான்முகியில் 4 + 4 = 6 + 2. ஒயிலர் இவ்வாறே பல திண்மங்களின் எண்ணிக்கைகளைப் பிரதியிட்டுப் பார்த்தார். எல்லாம் பொருந்தின. ஆயினும் பேர்மாவுக்கு நேர்ந்ததை அறிந்தவர் அவர். பொருந்துகின்றது என்பதுடன் நிறுத்தாமல் நிறுவல் தேடினார். அவர் வெளியிட்ட நிறுவலிலும் ஒரு குறை இருந்ததைப் பிற்காலத்தவர் கண்டு திருத்தினர் என்பதையும் சொல்லவேண்டும். (வினா 1: ஒரு திண்மத்தில் 20 முகங்களும் 12 உச்சிகளும் உள்ளன. விளிம்புகள் எத்தனை?)

அக்காலத்திற் கடலோடிகளுக்கு ஒரு பெரும் இடர் இருந்தது. நடுக்கடலில் கப்பல் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டைச் சூரியனைக் கொண்டு அறியலாம். நெடுங்கோட்டை அறிவது கடினம். இதனாற் கப்பல்கள் பாறைகளில் மோதிப் பலர் மாண்டனர். சந்திரன் எந்த நேரத்தில் வானில் எவ்விடத்தில் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் நெடுங்கோட்டைக் கணிக்கலாம். சந்திரனின் இயக்கத்துக்கு ஒயிலர் சமன்பாடுகளை அமைத்தார். ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரைச் சேர்ந்த தோபியாஸ் மாயர் அவற்றையும் வானியல் அவதானிப்புகளையும் கொண்டு அட்டவணைகள் தயாரித்தார். 1765 இல் பிரித்தானியப் பாராளுமன்றம், அப்போது காலமாகிவிட்ட மாயரின் மனைவிக்கு 3 000 பவுணும் ஒயிலருக்கு 300 பவுணும் வழங்கியது.

மாயரின் அட்டவணைகளைக் கொண்டு 1767 ஆம் ஆண்டுக்கான கடலோடிகள் பஞ்சாங்கம் இங்கிலாந்தில் வெளிவந்தது. கடலோடி நெடுங்கணக்குச் செய்ய வேண்டியதில்லை. அவருக்காக வேறு சிலர் தம் வீடுகளில் இருந்தபடி நாளையும் நேரத்தையும் பிரதியிட்டுச் சந்திரனின் இடத்தைக் கணித்து அனுப்பினர். ஒரே கணிப்பை இருவர் தனித்தனியே செய்ய, மூன்றாமவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு குறி தவறினால் கப்பலொன்று கரையில் மோதலாம் அல்லவா? பரீட்சையில் நேரம் மீதியாக இருந்தால், எழுதிய வரிகளை மேலோட்டமாக வாசிப்பதைவிட, பிரதியீட்டை வேறு தாளில் முதலிலிருந்து செய்து ஒப்பிடுவதே சிறந்தது.

தையற்காரனுக்குச் சொன்ன அட்சரகணிதம்

மன்னருடனான மனக்கசப்பு முற்றவே 1766 இல் ஒயிலர் மீண்டும் பீற்றர்ஸ்பேர்க் சென்றார். வயது 59. அவ்வாண்டிலேயே எஞ்சியிருந்த இடக் கண்ணையும் கண்புரை மறைக்கத் தொடங்கிற்று. விரைவில் அவரால் எழுத்துகளை வாசிக்க முடியாமற் போயிற்று. பெரிய பலகையில் வெண்கட்டியாற் பெரிதாக எழுதுவார், அல்லது வாயாற் சொல்லுவார். மகனும் உதவியாளர்களும் எழுதிக்கொள்வர்.

இந்நிலையிற் செய்த முதற் பெருவேலை ஓர் அட்சரகணித நூல். பேர்ளினிலிருந்து தம்முடன் அழைத்து வந்த பணியாள் ஒருவனை எழுத அமர்த்தினார். அவ்விளைஞன் தையற்கடையில் வேலை பழகியவன். கணிதம் அறியாதவன். திறமையிலும் சாதாரணமானவன். அறிஞர் ஒருவரை அமர்த்தியிருந்தால் ஒயிலர் விரைவாகச் சொல்லிச் சென்றிருக்கலாம். இவனுக்கோ ஒவ்வொரு படியையும் விளக்க வேண்டியிருந்தது. எழுதுபவனுக்கு விளங்காவிட்டால் வாசிப்பவனுக்கும் விளங்காது. நூல் முடியும்போது அவ்விளைஞன் கடினமான அட்சரகணிதக் கணக்குகளையும் தானாகவே செய்யக்கூடியவனாய் இருந்தான் என்று அந்நூலின் முன்னுரை தெரிவிக்கின்றது. 1768, 1769 ஆம் ஆண்டுகளில் ரஷ்ய மொழியிலும் 1770 இல் ஜேர்மன் மொழியிலும் அது வெளிவந்தது. ஒயிலரின் நூல்களுள் இதுவே சாதாரண மக்களால் மிகுதியாக வாசிக்கப்பட்டது எனலாம்.

அந்நூல் கூட்டல், கழித்தற் குறிகளிலிருந்து தொடங்குகின்றது. மறை எண்ணைக் கடன் எனக் கருதுமாறு ஒயிலர் கூறுகின்றார். கடனை மும்மடங்காக்கினால் கடன் பெருகும். ஆகவே மறை எண்ணை நேர் எண்ணாற் பெருக்க மறை வரும். மறையை மறையாற் பெருக்கினால்? நேர் எண்ணை மறையாற் பெருக்கும்போது மறை வந்துவிட்டதால், இதற்கும் அதே விடை வர இயலாது, எனவே நேர் என்று முடிக்கின்றார். இன்றைய ஆசிரியர் இதனைப் போதிய நிறுவலாக ஏற்கமாட்டார். ஆனால் தையற்கடையிலிருந்து வந்த இளைஞனுக்கு இது போதுமாயிருந்தது.

நாற்பது முதன்மை எண்கள்

1772 இல் வெளியான கடிதமொன்றில் ஒயிலர் ஒரு சிறிய கோவையைத் தந்தார். அது

க² − க + 41

என்பதாகும். க இற்கு 1, 2, 3, 4, 5 எனப் பிரதியிட 41, 43, 47, 53, 61 வரும். யாவும் முதன்மை எண்கள். க = 10 ஆயின் 131. க = 20 ஆயின் 421. க = 30 ஆயின் 911. க = 40 ஆயின் 1 600 − 40 + 41 = 1 601. எல்லாம் முதன்மை எண்களே. பேர்மாவிடம் ஐந்து இருந்தன. இங்கு தொடர்ச்சியாக நாற்பது. இதைவிட நம்பத்தக்க கோவை உண்டா?

41 ஐப் பிரதியிடுக. 41² − 41 + 41 = 41² = 1 681. இது 41 × 41 ஆதலால் முதன்மை எண் அன்று. இதனை அறியப் பெருக்கிப் பார்க்கவும் தேவையில்லை. மூன்று உறுப்புகளிலும் 41 காரணியாக இருப்பதைக் கண்டாற் போதும். முழுவெண் குணகங்களுடன் கூடிய இத்தகைய கோவை எதுவும் எப்போதும் முதன்மை எண்ணையே தருவதில்லை என்பது கோல்ட்பாக்கிற்கும் ஒயிலருக்கும் முன்னரே தெரிந்திருந்தது. ஆகவே ஒயிலர் பேர்மாவைப் போலக் கூற்று எதனையும் கூறவில்லை. நாற்பது எண்கள் தொடர்ந்து வருகின்றன, அதனால் இது குறிப்பிடத்தக்கது என்ற அளவில் நின்றார். (வினா 2: க = 42 எனப் பிரதியிட்டு, வரும் எண்ணின் காரணிகளைக் காண்க.)

இக்கோவையிலே மறை எண்ணைப் பிரதியிடப் பழகுவது நன்று. க = −3 என்க.

(−3)² − (−3) + 41 = 9 + 3 + 41 = 53

அடைப்புக்குறியை விட்டுவிட்டு −3² − 3 + 41 என எழுதும் மாணவருக்கு −9 − 3 + 41, அதாவது 29 வரும். 29 உம் முதன்மை எண்ணாகையால் அவருக்குத் தமது விடையில் ஐயமும் எழாது! எனவே எண்ணை இடுமுன் மாறி இருந்த ஒவ்வோர் இடத்திலும் வெற்று அடைப்புக்குறிகளை இட்டுக்கொள்க. ( )² − ( ) + 41 என முதலில் எழுதி, பின்னர் அவற்றுள் −3 ஐ மறைக்குறியுடன் இடுக. புள்ளி வழங்கும்போது இவ்வரிக்கும் புள்ளி உண்டு என்பதால் இதனைத் தவிர்த்துச் சுருக்கிய விடையை மட்டும் எழுத வேண்டாம். (வினா 3: க = −5, க = 6 ஆகிய இரு பெறுமானங்களையும் பிரதியிடுக. விடைகளைப் பற்றி யாது கூறுவீர்?)

இறுதி ஆண்டுகள்

1771 இற் பீற்றர்ஸ்பேர்க்கில் ஏற்பட்ட பெருந்தீயில் ஒயிலரின் வீடும் எரிந்தது. பார்வையற்றவராய் உள்ளே இருந்த அவரைப் பாசல் நகரத்தவரான பீற்றர் கிறிம் என்பவர் சுமந்து வெளியே கொண்டுவந்தார். கையெழுத்துப் பிரதிகளிற் பெரும்பகுதியும் காப்பாற்றப்பட்டது. அதே ஆண்டு செய்த சத்திரசிகிச்சையால் இடக் கண்ணின் பார்வை மீண்டது. ஆனால் கிருமி தொற்றவே சில நாட்களில் அதுவும் போயிற்று. 1773 இல் மனைவி இறந்தார்.

இவ்வளவின் பின்னரும் வேலை குறையவில்லை. அவரது ஆக்கங்கள் 850 இற்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ அரைவாசி பார்வை போன பின்னரே எழுதப்பட்டன. பிரான்சின் கொண்டோர்சே எழுதிய இரங்கலுரையில் ஒரு சம்பவம் காணப்படுகின்றது. மாணவர் இருவர் ஒரு தொடரின் உறுப்புகளில் எண்களைப் பிரதியிட்டுப் பதினேழு உறுப்புகளைக் கூட்டினர். விடைகள் ஐம்பதாம் இலக்கத்தில் ஒன்றால் வேறுபட்டன. யார் சரி என்று அறிய ஒயிலர் முழுக் கணிப்பையும் மனத்தினாலேயே மீண்டும் செய்து, பிழை இருந்த இடத்தைக் காட்டினார் என்பர்.

1783 செப்டெம்பர் 18 ஆந் திகதி காலையிற் பேரப்பிள்ளைக்குப் பாடம் சொன்னார். அவ்வாண்டு பிரான்சில் முதன்முதலாகப் பறக்கவிடப்பட்ட வெப்பக்காற்றுப் பலூன் எவ்வளவு உயரம் எழும் என்று பலகையிற் கணித்தார். பகல் உணவின் பின் உதவியாளருடன், 1781 இற் கண்டறியப்பட்ட யுரேனஸ் கோளின் ஒழுக்கைப் பற்றி உரையாடினார். மாலையில் மூளையில் இரத்தப்போக்கு ஏற்பட்டு நினைவிழந்தார். அன்றிரவே காலமானார். வயது 76. பலூன் பற்றிய கணிப்புகள் பலகையில் எஞ்சியிருந்தன. அவற்றைப் பிரதிசெய்து அச்சுக்குக் கொடுத்தனர். அவர் விட்டுச்சென்ற ஏனைய கட்டுரைகளைப் பீற்றர்ஸ்பேர்க் விஞ்ஞானக் கழகம் பல பத்தாண்டுகள் வரை தொடர்ந்து வெளியிட்டது.

விடைகள்: வினா 1: 12 + 20 = வி + 2, ஆகவே வி = 30. வினா 2: 42² − 42 + 41 = 1 763 = 41 × 43. வினா 3: (−5)² − (−5) + 41 = 71; 6² − 6 + 41 = 71. இரண்டும் சமம்.